வளரும் காய்க்கு எடுத்த அளவு

ஆகஸ்ட் 18

தம்பிக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது. இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு வருடமாக மனசுக்குள் வைத்திருந்தேன், ஆரம்பித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மாமா இந்த வருடமும் எடைப் போட்டிக்குப் பூசணி போட்டிருக்கிறார். குனியவே கூடாது என்று டாக்டர் சொன்னார். இவர் மண்டி போட்டுக்கொண்டு விதை ஊன்றினார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், செவிடன் காதில் ஊதின சங்குதான். பிறகு வேறு வழியில்லாமல் தண்ணீர் ஊற்றுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். இப்போது காய் நான் துணி வெட்டுகிற மேஜை அளவுக்கு வந்துவிட்டது. போன வருடத்துக் காயைப் பக்கத்தில் வைத்தால் இதற்குப் பிள்ளை மாதிரி இருக்கும்.

போன வருடம் நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உன் முகத்துக்கு நேராக நான் அதைச் சொன்னதே இல்லை. தார்ப்பாயை ஆறு பேர் பிடித்துத் தூக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஐந்து பேர் பிடித்தார்கள். மிச்சமிருந்த மூலை உன்னுடையது. நீ கேட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, "இப்படித் தூக்குற சுமையை நான் தொட மாட்டேன்" என்று சொன்னாய். உன் மாமா சிரித்துவிட்டு இரண்டு மூலையையும் தானே பிடித்தார். வேனில் ஏற்றும்போது அவர் முதுகில் ஒரு சத்தம் கேட்டது. எனக்கே கேட்டது. காய் போட்டிக்குப் போய் மூன்றாம் பரிசு வாங்கியது, சான்றிதழை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் இப்போது டெப்போவில் உட்கார்ந்து நேரம் குறிக்கிறார்.

முதுகில் விலகின அந்த எலும்பு இன்னொரு தடவை நகர்ந்தால் இரண்டு காலும் வேலை செய்யாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அக்டோபர் முதல் ஞாயிறு எடைப் போட்டி. அதே வேன்காரர், அதே ஆட்கள், எல்லோரிடமும் இவர் சொல்லி வைத்துவிட்டார். "நானும் ஒரு மூலையைப் பிடிச்சுக்கறேன்" என்கிறார். நான் அழுதும் பார்த்தேன்.

கிரேன் கூப்பிட இப்போது எங்களுக்கு வக்கில்லை. கடலுக்குள் தடுப்புச் சுவர் கட்ட நாள் முழுக்கக் கல்லைத் தூக்குகிறவன் நீ. கை படாமல், செலவில்லாமல் அதைத் தூக்க ஒரு வழி எழுது. நீ வர வேண்டாம். வந்தாலும் உன்னை வீட்டுக்குள் விட மாட்டார்.

அக்கா


ஆகஸ்ட் 29

அக்காவுக்கு,

உன் கடிதம் போன வாரத் தபால் படகில் வந்தது. உடனே பதில் எழுதி, அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதனால் ஒரு படகு தவறிப்போனது. போன வருடத்தைப் பற்றி நீ எழுதியதற்கு இப்போது பதில் இல்லை. காயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தார்ப்பாய் வேண்டாம். ஆறு பேர் பிடித்தால் ஆறு பேரும் ஒரே மாதிரி தூக்குகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒருவன் கால் மண்ணில் புதையும், ஒருவன் கை வழுக்கும், அந்த நொடியில் அத்தனை பாரமும் மிச்சமிருப்பவர்களில் ரோஷக்காரன் முதுகில் போய் இறங்கும். உங்கள் வீட்டில் ரோஷக்காரர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டடம் கட்டுகிற இடத்தில் சாரத்துக்குப் போடும் இரும்புக் குழாய் மூன்று கேட்டு வாங்கு. ஆள் உயரத்தைவிட நீளமாக, நெளிவில்லாமல், துருப்பிடிக்காமல் இருக்கட்டும். மூன்றையும் உச்சியில் போல்ட்டுப் போட்டுச் சேர்த்து, காய்க்கு மேலே முக்காலி மாதிரி நிறுத்த வேண்டும். காலடியில் பலகை வை, இல்லையென்றால் ஈர மண்ணில் இறங்கிவிடும். மூன்று கால்களையும் சுற்றி ஒரு சங்கிலி கட்டு. அது இல்லாவிட்டால் பாரம் ஏறினதும் கால்கள் விரிந்துகொண்டே போகும். உச்சியில் செயின் பிளாக், அதாவது சங்கிலிக் கப்பி, மாட்ட வேண்டும். லாரிப் பட்டறைகளில் இன்ஜின் தூக்க வைத்திருப்பார்கள், ஒருநாள் இரவல் கேட்டால் கொடுப்பார்கள். கைச்சங்கிலியை ஒரு பெண்பிள்ளை இழுத்தாலே மாட்டளவு பாரம் மேலே வரும்.

வேன் உயரத்துக்குத் தூக்க நினைக்காதீர்கள். முழங்காலுக்கு மேல் அது போகவே கூடாது. தூக்கி, அடியில் சரக்கு அடுக்குகிற மரப் பேலட்டைத் தள்ளி, அதன்மேல் இறக்கிவிட வேண்டும். அதற்கப்புறம் பேலட்டை உருளைக் குழாய்மேல் நகர்த்தி, சாய்வுப் பலகை வழியாக வேனுக்குள் இழுத்துக்கொள்ளலாம். இழுப்பதில் யாருக்கும் முதுகு போகாது.

தொங்குகிற சுமைக்கு அடியில் கை போகக் கூடாது. பேலட்டை நீளக் கம்பால்தான் தள்ள வேண்டும். ஒரு நொடிதானே என்று யாரும் சொல்லக் கூடாது.

காயைச் சுற்றி என்ன கட்டுவது என்பதை அடுத்து எழுதுகிறேன். அதுதான் முக்கியம், அவசரமாக எழுத விருப்பமில்லை. காயின் அளவுகளை அனுப்பு.

தம்பி


செப்டம்பர் 6

தம்பிக்கு,

குழாய் கிடைத்துவிட்டது. தெருமுனையில் வீடு கட்டுகிற மேஸ்திரி பையன்களுக்கு நான்தான் பள்ளிச் சீருடை தைக்கிறேன், வாய் திறந்து கேட்டதும் கொடுத்துவிட்டார். செயின் பிளாக்குக்கு ஸ்பேனரிடம் சொல்லியிருக்கிறேன். லாரிப் பட்டறை மெக்கானிக், உனக்குத் தெரியும், எப்போது பார்த்தாலும் காதில் ஒரு ஸ்பேனரைச் செருகிக்கொண்டு திரிவாரே, அவர்தான். அவரே கூட இருந்து மாட்டித் தருவதாகச் சொன்னார்.

உன் மாமாவிடம் இதெல்லாம் ஸ்பேனரின் யோசனை என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு, பூசணிக்காய்க்குப் பந்தக்கால் நடப் போகிறாயா என்று ஒரு நக்கல். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வீட்டில் அதுவே பெரிய சம்மதம்.

அளவுகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். டேப் போதாமல் இரண்டு டேப்பை ஊசி குத்திச் சேர்த்து எடுத்தேன். காயைச் சுற்றிக் கட்ட, டெப்போவில் கழித்துப்போட்ட சீட் பெல்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதாம். சும்மாவே தருவார்களாம். அதைத் தைத்துக்கொள்ளட்டுமா?

உன் பழைய அறையில்தான் இப்போது மெஷின் போட்டிருக்கிறேன். அந்த ஜன்னலில் பார்த்தால் காய் தெரியும். தைக்கும்போது நிமிர்ந்தால் காய், குனிந்தால் துணி. சில நாள் உன் மாமா அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். எழுந்திருக்கும்போது முதலில் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார், பிறகு சுவரைப் பிடித்துக்கொள்வார், பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். கல்யாணமான நாளில் இருந்து நான் இவரைப் பார்த்துப் பயந்தது கிடையாது, இப்போது பயமாக இருக்கிறது.

காயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன் என்கிறாய். நல்ல கெட்டிக்காரன்தான். கிழித்துப் போட்டேன் என்று ஏன் எனக்கு எழுதினாய்? ஒன்று எழுதாமல் இருந்திருக்க வேண்டும், இல்லை அனுப்பியிருக்க வேண்டும். ஒரு மூலை, தம்பி. ஒரே ஒரு மூலையைப் பிடிக்க உனக்கு என்ன கேடு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கிழித்ததை ஒட்டி அனுப்பு.

அக்கா


செப்டம்பர் 14

அக்காவுக்கு,

சீட் பெல்ட் வேண்டாம். வெயிலில் வருடக்கணக்கில் கிடந்த நாடா பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே இழை செத்திருக்கும். இந்தப் பார்சலில் புதுப் பட்டை நாடா அனுப்பியிருக்கிறேன், சுமை கட்டுவதற்கென்றே நெய்தது. கப்பல் சாமான் கடையில் சுருளின் கடைசித் துண்டாக மலிவாகக் கிடைத்தது. இதைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம்.

தைக்க வேண்டியது இதுதான். காயின் தொப்பைக்குக் கீழே, அது உள்வாங்கி மண்ணைப் பார்க்கப் போகிற இடத்தில், சுற்றி ஒரு வளையம். வளையத்தின் இரண்டு முனையையும் இரும்புக் கொக்கியால் பூட்ட வேண்டும். அந்த வளையத்திலிருந்து எட்டு வார்கள் மேலே போய் ஒரே கொக்கியில் சேர வேண்டும். சுமை ஏறும்போது வளையம் மேலே நழுவப் பார்க்கும், தொப்பை அதைத் தடுக்கும். அந்தத் தடைதான் எல்லாம். காம்பைப் பிடித்து யாரும் எதுவும் செய்யக் கூடாது. நாடா ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடம் ஒரு சாண் இருக்கட்டும், கட்டம் போட்டு அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போட்டுத் தை. நூல் பாலியஸ்டர், தடிப்பானது. தையலைப் பற்றி உனக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னித்துக்கொள்.

தூக்கும் நாளில் ஒருவர்தான் உத்தரவு சொல்ல வேண்டும். சங்கிலியை இழுக்கிறவரே அதைச் சொன்னால் நல்லது. நீயே இழு. முதலில் நான்கு விரல் உயரம் தூக்கி நிறுத்திவிட்டுக் காத்திரு.

இனி மற்றது.

நெட்டையை உனக்கு ஞாபகம் இருக்கும். என்னோடு ஒரு தடவை வீட்டுக்கு வந்தான், வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டான், நீகூடச் சிரித்துவிட்டு ஐஸ் கொடுத்தாய். அவன் செத்துப்போய்விட்டான். போன வருடம், நான் உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முந்தின மாதம். ஒரு கல் சங்கிலியில் சரிந்தது. அவன் ஓரமாகத்தான் நின்றான், அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சரிகிறதைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் போனான். மலை மாதிரி கல்லைக் கையால் பிடிக்கப் போனான், அக்கா. இருபது வருடம் இதே வேலை செய்தவன். விழுகிறதைப் பார்த்தால் கை தானாகப் போகிறது, யோசிப்பதே இல்லை.

அதை மனசில் வைத்துக்கொண்டு உங்கள் கேட்டில் வந்து நின்றேன். தார்ப்பாயையும் ஆறு பேரையும் பார்த்தேன். நான் பிடிக்க மாட்டேன் என்றால் மாமா நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. அந்த மூலையை நான் பிடித்திருந்தால் அவர் முதுகு போயிருக்காதோ என்னவோ. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. தினமும் யோசிக்கிறேன். அந்த மூலையைப் பிடிப்பதென்றால் சரி என்று சொல்வதாக ஆகிவிடும், என்னால் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. நெட்டையைப் பற்றி அங்கே வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. கிழித்துப் போட்ட கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்.

தம்பி


செப்டம்பர் 23

தம்பிக்கு,

நெட்டை விஷயத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் மெஷினில் உட்காரவில்லை. நீ அன்றைக்கே என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பையன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தான். நான் ஒரு வருடமாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது நீ இதை வைத்துக்கொண்டு கடலில் உட்கார்ந்திருக்கிறாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான், ஆனால் பழைய கோபம் இல்லை.

நாடா வந்தது. பார்சலில் உன் கையெழுத்தை உன் மாமா பார்த்துவிட்டார். நான் சாக்குச் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் நாடாவை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். "ஸ்பேனருக்குக் கப்பல்லகூட ஆள் இருக்கு போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திருப்பி அனுப்பு என்று சொல்லவில்லை.

வேலை முடிந்துவிட்டது. பெரிய ஊசி மூன்று உடைந்தது. ஒரு வாரில் மூன்று மணல் மூட்டையைக் கட்டி, கூரை உத்தரத்தில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டேன், ஒரு இழைகூட அசையவில்லை. உன் மாமா வந்து தையலை விரல் நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, பஸ்ஸையே தூக்கலாம் என்றார். முதுகு போன பிறகு அவர் வாயில் இருந்து வந்த முதல் நல்ல வார்த்தை இது.

கீழ் வளையத்தை நீ சொன்ன இடத்தில் அளவெடுத்துத் தைத்தேன். கை நுழைகிற அளவு தாராளமாக விட்டிருக்கிறேன். காய் இன்னும் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது, இறுக்கமாகத் தைத்துவிட்டு அன்றைக்குப் பூட்ட முடியாமல் போனால் என்ன செய்வது.

போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை தூக்குகிறோம். நானே சங்கிலி இழுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நிற்பேன், எதையும் தொட மாட்டேன் என்று உன் மாமா வாக்குக் கொடுத்திருக்கிறார். அவர் வாக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தடவை எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஜெயிக்கக்கூட வேண்டாம், அவர் நடந்து போய் அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கட்டும், நான் பார்க்க வேண்டும்.

அக்கா


செப்டம்பர் 30

அக்கா,

தபால் படகுக்குக் காத்திருக்காமல் இதைக் கல் ஏற்றி வந்த படகுக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கரையில் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

வளையத்தில் தாராளம் கூடாது. தோலைக் கவ்விக்கொண்டு இருக்க வேண்டும். கை என்ன, கத்தி முனைகூட நுழையக் கூடாது. இடைவெளி இருந்தால் ஒரு பக்கம் மேலே ஏறி, தொப்பையைத் தாண்டிவிடும். தாண்டிவிட்டால் பிடிக்க எதுவும் இல்லை. உன் தையல் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. கடைசி வாரத்தில் காய் வளராது, கொடி காய ஆரம்பித்ததுமே நின்றுவிடும். வளையத்தை மடித்துக் குறுக்கித் தை. இல்லையென்றால் சனிக்கிழமை தூக்காதே. போட்டி போனால் போகட்டும்.

தூக்காதே அக்கா.

தம்பி


அக்டோபர் 6

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. காய் சனிக்கிழமையே விழுந்துவிட்டது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். உன் மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். முக்காலியை ஸ்பேனர் நிறுத்தினார். பலகை, சங்கிலி எல்லாம் நீ எழுதினபடி. வேன்காரரும் டெப்போ ஆட்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள், கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள், தொட எதுவும் இல்லை என்றதும் அவர்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் சங்கிலியை இழுத்தேன். அவ்வளவு பெரிய காய் மண்ணை விட்டு எழும்பியது. நான்கு விரல் உயரத்தில் நிறுத்தினேன். உன் மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார், கண் கலங்கியிருந்தது. நானும் அழுதிருப்பேன், இரண்டு கையிலும் சங்கிலி இருந்தது.

முழங்கால் உயரம் வந்ததும் பேலட்டைக் கம்பால் தள்ளினார்கள். பழைய கொடியின் கட்டையில் அது முட்டிக்கொண்டது. உன் மாமா மண்டி போட்டு, பேலட்டை நேராக்கக் கையை உள்ளே நீட்டினார். "கையை எடுங்க" என்றேன். நிமிர்ந்து என்னை முறைத்தார். வாக்குக் கொடுத்தீர்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றார், முகம் சிவந்துபோனது.

அப்போதுதான் ஒரு பக்கம் வளையம் மேலே ஏறியது. சத்தமே இல்லை. நாடா தோலில் வழுக்கிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். காய் சாய்ந்தது. நீ எழுதினாயே, கை தானாகப் போகிறது என்று, அப்படியே ஐந்து ஆண்களும் கையை நீட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். முன்னால் இருந்தவர் உன் மாமா. அவர் முதுகு வளைந்துவிட்டது, இரண்டு கையும் காய்க்கு அடியில் போகப் போனது.

"விடுங்க. விழட்டும்."

நான்தான் சொன்னேன். கத்தவில்லை. அளவெடுக்கும்போது நெளிகிற பிள்ளையை நேராக நில்லு என்று அதட்டுவேனே, அந்தக் குரல்தான் வந்தது. ஐந்து பேரும் அப்படியே நின்றார்கள். காய் வழுக்கிக்கொண்டு பேலட்டின்மேல் விழுந்தது. பேலட் நொறுங்கிப்போனது. காய் நடுவில் பிளந்து விதை வரைக்கும் தெரிந்தது. பிளந்த காயைத் தராசில் ஏற்ற மாட்டார்கள்.

வேன்காரர் ஏதோ ஆறுதல் சொன்னார். உன் மாமா காயைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுகிறார், மாத்திரையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார், ஒரு வார்த்தை கிடையாது. அவர் பேசாதவர்கள் இப்போது இரண்டு பேர், நீயும் நானும்.

வருடம் முழுக்க வளர்கிற பிள்ளைகளுக்கே சீருடை தைக்கிற கை இது. எந்த அளவு எடுத்தாலும் அடுத்த வருடத்துக்கு என்று கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவேன். ஒரு தாய்கூட அதைக் குறை சொன்னது கிடையாது. நீ கவ்விக்கொண்டு இருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதியிருந்தாலும் நான் ஒரு விரலாவது விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். தோற்றது என் தையல் இல்லை, என் அளவு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். போன வருடம் நீ தொடாமல் நின்றாய் என்று உன்னை வாய்க்கு வந்தபடி பேசினேன். சனிக்கிழமை அந்தக் காய் சாயும்போது பிடிக்கப் போகாமல் நிற்க எனக்கு எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்று உனக்குத்தான் சொல்ல முடியும். வேறு யாருக்கும் புரியாது. அவருடைய ஒரு வருடத்தை விழட்டும் என்று சொன்னேன்.

அக்கா


அக்டோபர் 14

அக்காவுக்கு,

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற வரியை முதலில் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். கொஞ்ச நேரம் போய்த்தான் மிச்சத்தைப் படிக்க முடிந்தது.

வளையம் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அதை எழுதவே தோன்றவில்லை. எதை எழுதாமல் விட்டேன் என்று உன் முந்தின கடிதத்தில் கை நுழைகிற அளவு என்ற வரியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அதனால் அளவு உன்னுடையது மட்டும் இல்லை.

விழட்டும் என்று நீ சொன்ன அந்த வார்த்தையைச் சொல்ல இங்கே புதிதாக வருகிறவர்களை மாதக்கணக்கில் பழக்குகிறோம். சிலருக்குக் கடைசி வரைக்கும் வருவதே இல்லை. நெட்டை போன அன்றைக்கு ஓரத்தில் எத்தனையோ பேர் நின்றோம், அந்த வார்த்தை யார் வாயிலும் வரவில்லை. நீ ஒரே ஒரு தடவை சங்கிலியைப் பிடித்தாய், உனக்கு வந்துவிட்டது. அவன் அம்மாவுக்கு நான் இன்னும் கடிதம் எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு எழுதலாம் என்று தோன்றுகிறது.

மாமா பேசுவார். பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று நான் சொன்னால் உனக்குக் கோபம் வரும். ஆனால் மாத்திரையை வாங்க எழுந்து வருகிறார் இல்லையா? கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாயா, இல்லை அவரே வருகிறாரா? அதை மட்டும் எழுது.

தம்பி


அக்டோபர் 21

தம்பிக்கு,

அவரே வருகிறார்.

போன வாரம் முழுக்கப் பேச்சில்லை. பிளந்த காயை அப்படியே கிடக்கவிட்டிருந்தோம், மழை பெய்து அழுக ஆரம்பித்துவிட்டது. வாரிக் கொட்ட ஆள் கூப்பிடட்டுமா என்று கேட்டேன், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே கூடை கூடையாக அள்ளிக் கொட்டினேன். ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியும், நான் திரும்பவில்லை. எனக்கும் வீம்பு இருக்கிறது.

நேற்று மத்தியானம் நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மூட்டை சீருடை வந்திருந்தது, தலையைத் தூக்கவில்லை. கட்டில் முனகுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் கால் தரையில் தேய்கிற சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைத் தாண்டினார், சுவர் முடிகிற இடத்தில் கொஞ்சம் நின்றார், பிறகு எதையும் பிடிக்காமல் நடந்து என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் பெடலை நிறுத்தினேன்.

"அந்தக் காயை விழ விட உனக்கு எப்படி மனசு வந்தது?" என்று கேட்டார்.

இத்தனை நாளும் இதற்கு ஒரு பதிலை யோசித்து வைத்திருந்தேன், தம்பி. நீ எழுதினது, நெட்டை, டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய பேச்சாகவே தயாராக வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டேன்.

"அங்கிருந்து நடந்து வந்து கேக்கறீங்கல்ல, அதுக்காகத்தான்" என்றேன்.

அவர் தன் காலையே குனிந்து பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். தைத்து முடித்த சட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் பொத்தான் போட்டு மடித்து வைக்க ஆரம்பித்தார். பாதி மூட்டை முடிந்திருக்கும், "உன் தம்பிக்கு எப்ப லீவு?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்லட்டும்?

அக்கா